எடை குறைந்த அணிக்கு எடி ஜோன்ஸின் வழி எவ்வளவு தூரம் பொருந்தும்?

கேள்வி: கொழும்புப் பாடசாலையொன்றின் 16 வயதுக்குட்பட்ட றக்பி அணிக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலான எதிரணிகளைவிட எடையில் குறைந்தவர்கள். 2015 உலகக் கிண்ணத்தில் எடி ஜோன்ஸ் பயிற்றுவித்த ஜப்பான் தென்னாபிரிக்காவை வென்ற விதத்தில் நாங்களும் ஆட வேண்டும் என்கிறார் தலைமைப் பயிற்றுவிப்பாளர். அது சாத்தியமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: ஓரளவு சாத்தியம். ஆனால் அந்தப் போட்டியில் எதைப் பின்பற்றப் போகிறீர்கள் என்பதை இருவரும் முதலில் பேசி முடிவுசெய்யுங்கள். 2015 செப்டெம்பர் 19 அன்று பிரைட்டனில் ஜப்பான் 34–32 என வென்றதைக் குறித்துக் கேட்டால், இறுதிக் கணத்தில் கார்ன் ஹெஸ்கெத் மூலையில் வைத்த ட்ரையைத்தான் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) எவரும் சொல்வார்கள். புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள்: ட்ரைகளில் தென்னாபிரிக்காவே 4–3 என முன்னணியில் இருந்தது, எதிரணி விதியை மீறும்போது கிடைக்கும் பெனால்டி உதைகளிலோ ஜப்பான் ஐந்து, தென்னாபிரிக்கா இரண்டு. ஜப்பானின் அயுமு கொரோமாரு பெற்ற 24 புள்ளிகளில் 15 அந்த ஐந்து உதைகளால் வந்தவை.

அந்தப் பெனால்டிகள் தற்செயலாகக் கிடைக்கவில்லை. உயரத்திலும் எடையிலும் குறைந்த தம் வீரர்கள் நேருக்கு நேர் மோதினால் தோற்பார்கள் என்பதை அறிந்திருந்த ஜோன்ஸ், ரக்கிலிருந்து (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் நின்று தள்ளும் இடம்) பந்தை விரைவாக வெளியே எடுத்து, பருத்த எதிராளிகளை ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஓடவைத்தார். களைத்தவன் ரக்குக்குப் பிந்தி வருவான். பிந்தி வருபவன் பக்கவாட்டில் நுழைவான், அல்லது கை வைக்கக்கூடாத பந்தில் கை வைப்பான். இதனுடன், இரு அணிகளின் முன்னணி வீரர்களும் பிணைந்து பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம்மில் எண்மரும் தாழக் குனிந்து ஒரே நேரத்தில் தள்ளும் முறையை மார்க் டல் மாசோவும், ஓரக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடரும் லைன் அவுட்டைப் பின்னாளில் இங்கிலாந்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளரான ஸ்டீவ் போர்த்விக்கும் செப்பனிட்டிருந்தார்கள். முதற்பாதியில் அணித்தலைவர் மைக்கல் லீச் பெற்ற ட்ரை, பந்தை ஏந்தி நிற்பவரைச் சுற்றித் திரண்டு தள்ளும் மோலில் பின்வரிசை வீரர்களும் சேர்ந்து தள்ளியதால் வந்தது. எடை போதாத இடத்தில் ஆட்களைக் கூட்டினார்கள், அவ்வளவுதான்.

ஜோன்ஸின் மேதைமை என்று பலர் போற்றும் இறுதி முடிவு அவருடையதன்று. 29–32 எனப் பின்தங்கிய நிலையில் பெனால்டி கிடைத்தபோது, அதை உதைத்துச் சமநிலை பெறவே அவர் விரும்பினார். ஸ்க்ரம்மைத் தெரிவுசெய்தவர் லீச். எதிரணியில் ஒரு முன்வரிசை வீரர் மஞ்சள் அட்டையுடன் வெளியேறியிருந்ததால், அதைக் குருட்டுத் துணிச்சல் என்று சொல்லவும் முடியாது.

வலிமை மிக்க அணிகளுக்கு எதிரான ஜோன்ஸின் பதிவை முழுமையாகப் பார்க்காமல் இந்த ஒரு வெற்றியை மட்டும் உங்கள் பிள்ளைகளிடம் காட்டுவது நியாயமாகாது. நான்கே நாட்களில் அதே ஜப்பான் ஸ்கொட்லாந்திடம் 10–45 எனத் தோற்றது. இடைவேளையின்போது ஐந்து புள்ளிகளே வித்தியாசமாக இருந்த ஆட்டம் அது. மூன்று போட்டிகளில் வென்றும் காலிறுதிக்குச் செல்ல முடியவில்லை. 2019 உலகக் கிண்ண அரையிறுதியில் அவரது இங்கிலாந்து நியூசிலாந்தை 19–7 என வென்றபோது, ஜோர்ஜ் ஃபோர்டின் நான்கு பெனால்டிகள் 12 புள்ளிகளைத் தந்தன. ஒரு வாரத்தின் பின் இறுதிப்போட்டியில் நிலைமை தலைகீழாயிற்று: இங்கிலாந்தின் ஸ்க்ரம் நொறுங்கியது, ஹன்ட்ரே பொலார்ட் ஆறு பெனால்டிகளை உதைத்தார், தென்னாபிரிக்கா 32–12 என வென்றது. 2023 இல் அவர் பயிற்றுவித்த அவுஸ்திரேலியா வேல்ஸிடம் 6–40 எனத் தோற்றபோதும் வேல்ஸின் உதைப்பாளர் கரெத் ஆன்ஸ்கொம்பின் காலே அதிகம் பேசியது. எதிராளியின் தவறுகளால் வென்ற அதே மனிதர் தம் அணியின் தவறுகளால் தோற்றிருக்கிறார்.

ஆகவே, முதலில் உங்கள் அணி ஒரு போட்டியில் விட்டுக்கொடுக்கும் பெனால்டிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த இடத்தில், எந்த நிமிடத்தில், எதற்காக என்பதும் அதில் இருக்கட்டும். நம்பகமாக உதைக்கும் ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும், கால் களைத்திருக்கும்போதே உதைக்கப் பழக்குங்கள்.

ஸ்க்ரம் தள்ளுவதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 19 வயதுக்குட்பட்டோர் விதிகளின்படி ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ள முடியாது. பந்தை விரைவாக வெளியே எடுப்பதே உங்களுக்கு இலாபம். பந்துடன் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டெக்கிளைப் பொறுத்தவரை, இடுப்புக்குக் கீழே, தலையை எதிராளியின் பின்புறமாக வைத்துத் தனியாக வீழ்த்தும் முறை ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதுகாப்பாகக் கைவரும்வரை இருவர் சேர்ந்து வீழ்த்தும் பயிற்சிக்குப் போகாதீர்கள். கழுத்துக் காயம் எந்தப் புள்ளிக்கும் ஈடல்ல.

வேகத்திலும் ஓர் எச்சரிக்கை. ஜப்பான் வீரர்கள் மாதக்கணக்கில் விடியற்காலை ஐந்து மணிக்கே பயிற்சியைத் தொடங்கியவர்கள். உங்கள் பிள்ளைகளோ தனியார் வகுப்புக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைக்கும் சில மாலைகளில் பயிற்சி பெறுபவர்கள். கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையால் பந்து வழுக்கும், நீண்ட தொடர் ஆட்டம் உங்களவர்களையே முதலில் களைக்கச் செய்யும். நான்கைந்து கட்டங்கள் (ஒரு ரக்கிலிருந்து அடுத்த ரக் வரை ஒரு கட்டம்) பந்தை வைத்திருந்துவிட்டு, எதிரணியின் ஓரவீரர்களுக்குப் பின்னால் உதைத்து அந்தப் பருத்த முன்வரிசையைத் திரும்பி ஓடவைப்பது இந்த வயதுக்குப் போதும்.

பெனால்டி கிடைத்தால் உதைப்பதா, ஸ்க்ரம் எடுப்பதா என்பதை அணித்தலைவரே தீர்மானிக்கட்டும். அதற்குப் பயிற்சியின்போதே புள்ளிகளையும் மீதி நிமிடங்களையும் அவரிடம் சொல்லி, பத்து விநாடிக்குள் பதில் கேளுங்கள்.