ஐம்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டம்: தொடங்கலாமா?

ஐம்பதைத் தாண்டியபின் முனைவர் பட்ட ஆய்வில் சேரலாமா என்று பலரும் கேட்கிறார்கள். முனைவர் பட்டம் என்றால், இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை நீங்களே கண்டறிந்து, துறை அறிஞர்கள் முன் நிறுவிக் காட்டுவது. மற்ற படிப்பெல்லாம் யாரோ வெட்டிய கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல. இது புதுக் கிணறு வெட்டுவது; ஊற்று எங்கே என்று வழிகாட்டிக்கும் தெரியாது. அதனால்தான் மூன்று முதல் ஆறு ஆண்டுகள், சில நேரம் அதற்கு மேலும் ஆகிறது.

ஆகவே வயதைவிட முக்கியமானது, விடை தெரியாமல் உங்களை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி இருக்கிறதா என்பது. இருந்தால் தயங்காமல் சேருங்கள். சம்பள உயர்வுதான் நோக்கம் என்றால், பட்டம் வாங்கியபின் எத்தனை ஆண்டு வேலை மிச்சமிருக்கும் என்று கணக்குப் போடுங்கள், பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அப்புறம், வீட்டாரிடம் பேசிவிடுங்கள். அவர்களுடைய மாலைப் பொழுதுகளும் இதில் கரையும்.

குயீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே, 1970களில் பாதியில் விட்ட வானியல் ஆய்வை 2007இல், தம் 60ஆம் வயதில் முடித்தார்.

வயதானால் மூளை ஒத்துழைக்காது என்பது பலரின் தவறான நினைப்பு. மனப்பாட வேகம் குறையலாம். ஆய்வுக்கு வேண்டிய பொறுமையும், எது முக்கியம் என்று பிரித்தறியும் கண்ணும் அனுபவத்தோடு கூடவே வளர்கின்றன.