ஃபிஷர்மென்ஸ்: அந்தக் குறி எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

தம்பி, நிலாவெளியில் படகுச் சவாரிக்கு ஆங்கிலப் பலகை எழுதுவதாகவும், 'மை பிரதர் போட்' என்று எழுதியதை ஒரு பயணி பிழை என்றதாகவும் சொல்லியிருந்தீர்கள். மீனவர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் அப்போஸ்ட்ரபிக் குறி எங்கே வரும் என்றும் கேட்டீர்கள்.

முதல் பிழை எங்கள் தமிழிலிருந்து வருவது. 'அண்ணன் படகு', 'அப்பா பெயர்' என்று உருபில்லாமலே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது, 'பிரதர்ஸ் போட்' என்று எஸ் வேண்டும். அந்த எஸ்ஸுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கொம்பு, அதுதான் அப்போஸ்ட்ரபி. திருகோணமலையில் கோணேசர் மலையிலுள்ள இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை 'ராவணாஸ் கிளெஃப்ட்' என்று எழுதுவதும் இதே முறைதான்.

சங்கத்தின் பெயரில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் உடையவரை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். 'பாய்ஸ்' என்பது ஏற்கெனவே எஸ்ஸில் முடியும் பன்மை, அதனால் ஆண்கள் விடுதிக்கு எஸ்ஸுக்குப் பின்னால் குறி மட்டும் போதும். 'ஃபிஷர்மென்' பன்மைதான், ஆனால் எஸ் இல்லை. ஆகவே கடைசி எழுத்தான 'என்' (n) என்பதற்குப் பிறகு குறி, அதன்பின் எஸ். எஸ்ஸுக்குப் பின்னால் குறி போட்டால் அது பிழை.

அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே படகென்றால் உடையவர்களில் கடைசியாக வரும் 'சிஸ்டர்' என்ற சொல்லுக்கு மட்டும் குறியும் எஸ்ஸும். ஆளுக்கொரு படகென்றால் இரண்டுக்கும். உங்களுக்கும் பங்கிருந்தால் 'எங்கள் படகு' என்ற பொருளில் 'அவர் போட்' (our boat) என்றே எழுதுங்கள், அதற்குக் குறியே வேண்டாம்.

'போட்ஸ்' என்று வெறும் பன்மைக்குக் குறி போட்டுவிடாதீர்கள். பெயின்ற் அடிக்க முதல் முழு வாசகத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.