ரைஃபிளா, பிஸ்டலா? மூன்று மாதம் கழித்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதிலிருந்து துப்பாக்கி சுடுதல்தான் வேண்டும் என்கிறாள். எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். ரைஃபிளா, பிஸ்டலா? லைசென்ஸ் வேண்டுமா? துப்பாக்கி சொந்தமாக வாங்க வேண்டுமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ரைஃபிளா பிஸ்டலா என்பது வீட்டில் பேசி முடிவு செய்கிற விஷயமில்லை. சில மாதம் ரேஞ்சில், அதாவது சுடும் களத்தில், நின்றால் அவளுக்கே தெரிந்துவிடும்.

முதலில் லைசென்ஸ். கிளப்பில் அவளுக்குத் தொடக்கம் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அல்லது ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. ஈயக் குண்டை அழுத்தக் காற்றுதான் தள்ளும், வெடிமருந்து கிடையாது. குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் இந்த வகைக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. .22 தோட்டா போடும் 50 மீட்டர் ரைஃபிள், 25 மீட்டர் பிஸ்டல், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை போன டிராப் (பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது), இவற்றுக்குத்தான் சட்டம் கடுமை. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளிக்கான இடம் 0.5 மி.மீ. தான், பேனா முனையால் வைத்த புள்ளி போல. பிஸ்டலில் 11.5 மி.மீ. இதைப் பார்த்து பிஸ்டல் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. பிஸ்டலை ஒரே கையில், எந்த ஆதரவும் இல்லாமல் நீட்டிப் பிடிக்க வேண்டும். ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்றாலும், இடது முழங்கையை இடுப்போடு ஊன்றிக்கொள்வதால் பாரத்தை எலும்பு தாங்கும், விறைப்பான ஜாக்கெட் முதுகுக்கு முட்டுக்கொடுக்கும். போட்டியில் இரண்டுக்குமே 60 ஷாட், 75 நிமிடம், நின்றபடி. ஒல்லியான குழந்தை என்றால் ரைஃபிள் எடையை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். இதில் அவசரப்படும் கோச் வேண்டாம்.

நல்ல கோச் முதல் வாரங்களில் குண்டே தரமாட்டார். அதற்காக வருத்தப்படாதீர்கள், அடித்தளம் விழுவது அங்கேதான். ரைஃபிளைத் தோளில் வைத்துக் குறிபார்க்கச் சொல்வார். அப்புறம் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல்வார். குறி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது, பாதத்தைத்தான் நகர்த்த வேண்டும். கையால் இழுத்த குறி டிரிகர் அழுத்தும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். சுட்டபின்னும் ஓரிரு நொடி அப்படியே நிற்க வேண்டும், ஏனென்றால் ஏர் குண்டு மெதுவானது, அது குழலைத் தாண்டுவதற்குள் தோள் தளர்ந்தாலும் குறி கெடும். குண்டில்லாமல் டிரிகர் அழுத்தும் டிரை பயிற்சி தினமும் வேண்டும். அதற்கான வசதி உள்ள போட்டித் துப்பாக்கியில் மட்டும் செய்யுங்கள். சாதாரண ஸ்பிரிங் ஏர்கன்னில் செய்தால் உள்ளே அடிபடும்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள் லட்சங்களில் போகும். ஜாக்கெட், பேன்ட், ஷூ தனி. வளரும் பிள்ளைக்கு இன்று தைத்த ஜாக்கெட் அடுத்த வருடம் சேராது. கிளப் துப்பாக்கியும் சீனியர்களின் பழைய ஜாக்கெட்டும் இப்போதைக்குப் போதும். பிஸ்டலுக்கு இவ்வளவு உடுப்பு வேண்டாம், கைப்பிடி அவள் உள்ளங்கைக்குப் பொருந்தினால் சரி. பின்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், பாதுகாப்பும் இல்லை.

சேர்க்கும் முன் ஒரு மாலை ரேஞ்சில் உட்கார்ந்து கவனியுங்கள். கீழே வைத்த துப்பாக்கிகளில், உள்ளே குண்டில்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கிறதா, ‘ஸ்டாப்’ சொன்னதும் எல்லோரும் நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு கிளப் தேடுங்கள். குண்டு ஈயம் என்பதால், பயிற்சி முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அவள் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.