வீட்டை விற்க முகவரோடு போட்ட ஒப்பந்தத்தைக் காலம் முடியும் முன்பே முடித்துக்கொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் நீங்கள் மட்டும் முடிவெடுத்தால் போதாது.

"இத்தனை மாதங்களுக்கு என் வீட்டை விற்றுத் தரும் உரிமை உங்களுக்கு மட்டுமே" என்று உரிமையாளர் எழுதிக் கொடுப்பதுதான் இந்த ஒப்பந்தம். காலக்கெடு எதற்கு? புகைப்படம், விளம்பரம், அலைச்சல் எல்லாம் முகவரின் கைக்காசில் முதலிலேயே நடந்துவிடும். கமிஷனோ வீடு விற்ற பிறகுதான். தையற்காரர் பாதி தைத்த சட்டையைத் திருப்பிக் கேட்பது போலத்தான் இது. துணி உங்களுடையது, அதில் அவர் உழைப்பும் சேர்ந்துவிட்டது. அதனால் சிலர் செலவான தொகையைக் கேட்பார்கள்.

முதலில் ரத்து பற்றி ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். பிறகு காரணத்தைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் ஒப்பந்தம் அந்த முகவரோடு அல்ல, அவருடைய நிறுவனத்தோடு. ஆகவே ஆள்தான் சரியில்லை என்றால் அங்கேயே வேறொருவரை மாற்றித் தரக் கேட்கலாம். பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

ஒன்றில் மிகவும் கவனமாக இருங்கள். முகவர் அழைத்து வந்த ஒருவருக்கே, ஒப்பந்தம் முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் வீட்டை விற்றால், முகவருக்குக் கமிஷன் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். விலகும்போதே அவர் அழைத்து வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தை எடுத்துவிட்டாலே எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பொதுவாக இரு தரப்பும் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்திடும் வரை, அல்லது காலக்கெடு முடியும் வரை, ஒப்பந்தம் நடப்பில்தான் இருக்கும்.