குமருவும் கன்னிகையும்: வாசகர் வேதக் கேள்விகள்

கேள்வி: ஏசாயா 7:14-இல் நம் பழைய பைபிளில் ‘கன்னிகை’ என்று இருக்கிறது. வேறு சில மொழிபெயர்ப்புகளில் ‘இளம்பெண்’ என்று போட்டிருக்கிறார்கள். யூதர்கள் மூலத்தைத் திருத்திவிட்டதாக வாலிபர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: திருத்தவில்லை, அம்மா. 1947-இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோல்சுருள், இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தியது. அதிலும் ‘அல்மா’ என்ற அதே எபிரெயச் சொல்தான் இருக்கிறது. சிக்கல் எழுத்தில் இல்லை, சொல்லின் எடையில்.

உங்கள் பக்கத்துப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். “வீட்டுல ரெண்டு குமரு நிக்கு” என்றால் கல்யாண வயதில் இரண்டு பெண்கள் என்று யாருக்கும் புரியும். கல்யாணமாகாதவர்கள் என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சொல் வயதையும் நிலையையும் சொல்கிறதே தவிர, கன்னிமைக்குச் சான்று எழுதித் தருவதில்லை. அல்மாவும் ஏறக்குறைய அப்படித்தான். கன்னிமையைச் சொல்ல எபிரெயத்தில் ‘பெதூலா’ என்று வேறு சொல் உண்டு. (அதுவும் உறுதியான சொல் அல்ல. யோவேல் 1:8-இல் தன் இளவயதின் கணவனுக்காகப் புலம்புகிறவளும் பெதூலாதான்.)

‘கன்னிகை’ வந்தது கிரேக்க வழியாக. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பு இங்கே ‘பார்த்தெனோஸ்’ என்று எழுதியது. மத்தேயு 1:23 அதைத்தான் எடுத்தாள்கிறது. பார்த்தெனோஸ் பொதுவாகக் கன்னிதான். ஆனால் அதே செப்துவஜிந்த், ஆதியாகமம் 34:3-இல் சீகேம் கெடுத்த பிறகும் தீனாளை அந்தச் சொல்லாலேயே சுட்டுகிறது. ஆகவே சொல்லை மட்டும் வைத்து எந்தப் பக்கத்தாரும் வழக்கை ஜெயிக்க முடியாது.

வகுப்பில் பாடம் கெடுவது வேறு இடத்தில். 14-ஆம் வசனத்தைத் தனியே வெட்டி எடுத்துப் படித்தால், கவனமாகக் கேட்கும் பிள்ளை ஒன்று கேட்டே தீரும்: “எழுநூறு வருசம் கழிச்சு வார அடையாளம் ஆகாசுக்கு எதுக்கு?” நியாயமான கேள்வி. கி.மு. 734 வாக்கில் சீரிய ராஜா ரேத்சீனும் இஸ்ரவேல் ராஜா பெக்காவும் சேர்ந்து எருசலேமுக்கு எதிராக வந்தார்கள்; யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்கினான். அடையாளம் அவனுக்குத்தான். 16-ஆம் வசனம் கெடுவையே வைக்கிறது: பிள்ளைக்கு நன்மை தீமை தெரியுமுன் அந்த இரண்டு ராஜாக்களின் நாடும் கைவிடப்படும். கி.மு. 732-இல் தமஸ்கு அசீரியரிடம் விழுந்தது.

எனவே 7:1 முதல் 8:4 வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, முதலில் இது யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று பிள்ளைகளையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மத்தேயுவை அதற்குப் பிறகு திறக்கலாம். அவர் ‘நிறைவேறிற்று’ என்பது பெரும்பாலும் ‘முன்கூட்டிச் சொன்ன செய்தி பலித்தது’ என்ற பொருளில் அல்ல. 2:15-இல் அவர் காட்டும் ஓசியா 11:1-ஐத் திருப்பிப் பாருங்கள்: ‘எகிப்திலிருந்து வரவழைத்தேன்’ என்பது அங்கே நடந்து முடிந்த யாத்திராகமம், ‘குமாரன்’ என்பது இஸ்ரவேல். பழைய சம்பவத்தின் அச்சு இயேசுவில் முழுமையாக நிரம்புகிறது என்பதுதான் மத்தேயுவின் வாதம். அதை ஜோசியக் கணக்காக்கினால் மத்தேயுவுக்கும் நஷ்டம், ஏசாயாவுக்கும் நஷ்டம்.

கேள்வி: யூதர்களின் வேத மொழிபெயர்ப்பு ஒன்றை மொபைலில் பார்த்தேன். மீகா 5:2-இல் பெத்லகேமைக் காணோம்!
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒரு வசனம் மேலே போங்கள். எபிரெயப் பதிப்பில் அது 5:1. இதேபோல ஏசாயா 9:6 அங்கே 9:5. சங்கீதம் 22-இல் தலைப்பும் ஒரு வசனமாக எண்ணப்படுவதால் 16, 17 ஆகிவிடும். மல்கியாவுக்கு அங்கே மூன்றே அதிகாரம். 4:5-ஐ 3:23-இல் தேடுங்கள்.

கேள்வி: கன்வென்ஷன் பந்தலில் தானியேலின் எழுபது வாரத்துக்குப் படம் போட்டு, மேசியா வரும் நாளையே கணக்கிட்டார்கள். வீட்டில் நானும் போட்டுப் பார்த்தேன், விடை வரவில்லை. எங்கே தவறு?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தக்கலை

பதில்: உங்கள் கழித்தலில் தவறிருக்காது ஐயா, எங்கே தொடங்கினீர்கள் என்பதில்தான் விஷயம். வாரம் ஒன்றுக்கு 7 வருடம். தானியேல் 9:25-இன்படி மேசியா வரை 7 + 62 = 69 வாரம், அதாவது 483 வருடம். எண்ணிக்கை தொடங்கும் ‘எருசலேமைக் கட்டும் கட்டளை’ எது? பாரசீக ராஜா கோரேசின் கட்டளை (கி.மு. 538) என்றால் கி.மு. 55-இல் முடியும், அங்கே யாரும் இல்லை. எஸ்றா 7-இல் உள்ளது (கி.மு. 457) என்றால் 483-இல் 457 போக 26, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய வருடம் கிடையாது, ஆகவே ஒன்று கூட்டினால் கி.பி. 27. நெகேமியா 2-இல் உள்ளது (கி.மு. 445) என்றால் கி.பி. 39, பிலாத்துவே 36-இல் பதவி இழந்துவிட்டான். அதனால்தான் பந்தலில் வருடத்துக்கு 360 நாள் என்று வைத்திருப்பார்கள்: 483 × 360 = 1,73,880 நாள், நம் கணக்கில் சுமார் 476 வருடம். விடை கி.பி. 32-இல் வந்து நிற்கும். நீங்கள் 365¼ நாள் வைத்திருந்தால் ஒத்துவராதுதான்.

இன்னொரு சங்கதியைப் படம் காட்டாது. 9:25-இல் எபிரெய மசோரா பாடம் (யூத வேத அறிஞர் குறியிட்டுப் பாதுகாத்த மூலம்) ‘ஏழு வாரம்’ என்றவுடன் நிறுத்தக்குறி வைக்கிறது. அங்கே நிறுத்தினால் ஏழு வாரத்தில் ஒரு அபிஷேகம் பெற்றவர், இன்னும் 62 வாரம் கழித்துச் சங்கரிக்கப்படும் இன்னொருவர் என்று இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். குறிகள் இடைக்காலத்தில் வைக்கப்பட்டவை, மூல மெய்யெழுத்தில் இல்லை என்பது நியாயமான மறுப்பு. ஆய்வாளர் பலர் இரண்டாமவரைக் கி.மு. 171 வாக்கில் கொல்லப்பட்ட பிரதான ஆசாரியன் ஓனியா என்றும், 9:27 சொல்லும் பலி நின்றதைக் கி.மு. 167-இல் சீரியாவை ஆண்ட கிரேக்க ராஜா நாலாம் அந்தியோகு எருசலேம் ஆலயத்தில் செய்த அட்டூழியம் என்றும் வாசிக்கிறார்கள்.

எங்கள் கருத்து: விடையை முதலில் எழுதிவிட்டுத் தொடக்கத்தைத் தேடுவது கணக்கு அல்ல. புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இந்த வாரங்களை எண்ணி இயேசுவின் வருகைக்குத் தேதி நிரூபிக்கவில்லை. மத்தேயு 24:15 எடுத்துக்கொள்வது ‘பாழாக்குகிற அருவருப்பை’ மட்டும்.

கேள்வி: ஏசாயா 53-இல் பாடுபடும் ஊழியர் இஸ்ரவேல் மக்களே என்று யூதர்கள் சொல்வது பிற்காலத்துச் சாக்குதானே?
– வாசகர், குளச்சல்

பதில்: சாக்கு என்று தள்ள முடியாது. 41:8-உம் 49:3-உம் ஊழியரை ‘இஸ்ரவேல்’ என்றே பெயர் சொல்லி அழைக்கின்றன. 11-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி அப்படித்தான் விளக்குகிறார். மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஒரிகேன் இந்த வாதத்தை யூதர் வாயால் கேட்டிருக்கிறார். ஆனால் 49:5, 6-இல் அதே ஊழியர் இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவருகிறவர். மக்களே மக்களை மீட்பது எப்படி? அந்த இடைவெளியில்தான் ‘ஒருவர்’ என்ற வாசிப்பு நுழைகிறது. யூதர்களின் அரமேய மொழிபெயர்ப்பான தர்கூமும் 52:13-இல் ‘என் ஊழியராகிய மேசியா’ என்கிறது. ஆனால் பாடுகளை மட்டும் பிறர் மேல் தள்ளிவிடுகிறது.

அப்போஸ்தலர் 8:34-இல் எத்தியோப்பிய மந்திரி கேட்டதும் இதே கேள்விதான்: தீர்க்கதரிசி தன்னைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா?

வாசிக்கும்போது 53:11-இல் சற்று நில்லுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘வருத்தத்தின் பலனைக் கண்டு’ என்று இருக்கும். ‘பலன்’ மசோரா பாடத்தில் கிடையாது. அங்கே வெறுமனே ‘காண்பார்’, எதை என்று இல்லை. கும்ரான் சுருள்களில் அந்த இடத்தில் ஒரு சொல் இருக்கிறது: ‘ஒளி’. செப்துவஜிந்திலும் அதுவே.