ரிலே வேலை செய்யும்போது என் அட்மெகா மைக்ரோகன்ட்ரோலர் போர்ட் தானாக முதலிலிருந்து தொடங்குகிறது. ரீசெட், இன்டரப்ட் இரண்டும் சிப்புக்குள் எப்படி நடக்கின்றன?

மோட்டரையோ ரிலேயையோ குற்றம் சொல்ல முன்னர், ஏன் திரும்பத் தொடங்கினாய் என்று சிப்பிடமே கேளுங்கள். அது எழுதிவைத்திருக்கும். நான் கேட்காமல் இரண்டு வாரத்தை வீணாக்கியவன்.

பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரி மறந்துபோனால் மறுபடி 'திருச்சிற்றம்பலம்' என்று ஆரம்பத்திலிருந்து பிடிக்கும். அது ரீசெட். பாடிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் யாரோ கதைக்க, திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தால் அது இன்டரப்ட். விட்ட இடம் ஞாபகம் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

அட்மெகா 328பி-யில் ஃப்ளாஷ் நினைவகத்தின் தொடக்கத்தில் 26 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. முதல் இடம் ரீசெட்டுக்கு. இரண்டாவது இன்ட்0, மூன்றாவது இன்ட்1 (இரண்டும் வெளிப் பின்களில் வரும் இன்டரப்ட்), அப்புறம் டைமர், சீரியல் என்று போகும். ஒவ்வொரு இடத்திலும் 'இந்த வேலைக்கு இங்கே போ' என்று ஒரு தாவல் கட்டளை. இன்டரப்ட் வந்தால் சிப் கையிலிருக்கும் கட்டளையை முடித்து, திரும்பி வரவேண்டிய முகவரியை ஸ்டாக் என்ற ரேம் அடுக்கில் போட்டு, வேறு இன்டரப்ட் குறுக்கிடாதபடி பொதுக் கதவையும் சாத்திவிட்டு, அட்டவணையில் தனக்குரிய இடத்துக்குத் தாவும். இதற்கு ஆகக் குறைந்தது 4 கடிகாரத் துடிப்பு. 16 மெகாஹெர்ட்ஸில் கால் மைக்ரோசெக்கன்ட். இரண்டு இன்டரப்ட் ஒன்றாக வந்து நின்றால் அட்டவணையில் மேலே இருப்பதற்கே முதலிடம். வேலை முடிந்து திரும்பும்போது கதவு தானாகத் திறக்கும்.

ரீசெட்டில் ஸ்டாக்காவது முகவரியாவது. உள்ளீடு-வெளியீட்டுப் பின்களும் டைமர்களும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ரேமை மட்டும் ரீசெட் துடைப்பதில்லை. மாறிகளைப் பூச்சியமாக்குவது சி மொழியின் தொடக்கக் கோட்.

சரி, என் கதை. நிலாவெளியில் மாமா வீட்டுக் கிணற்று மோட்டருக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். ஃப்ளோ சென்சரின் துடிப்பு இன்ட்0-க்கு வரும், லீட்டருக்குச் சுமார் 450. மேல் தாங்கியில் மிதவை சுவிட்ச், அது இன்ட்1-க்கு. தாங்கி நிறைந்தால் ரிலே மோட்டரை நிறுத்தவேண்டும், அன்றைக்கு எத்தனை லீட்டர் ஏறியது என்பதும் திரையில் தெரியவேண்டும். ஒரு வாரம் கழித்து மாமா கோல் எடுத்தார்.

"மருமகன், தண்ணி நிரம்பினதும் மோட்டர் நிக்குது, அது நல்லம். கணக்கு மட்டும் ஏன் பூச்சியத்துக்குப் போகுது?"

மோட்டர் நிற்கும்போது கிளம்பும் இரைச்சல்தான் ரீசெட் செய்கிறது என்று உடனே தீர்ப்பெழுதிவிட்டேன். கப்பாசிட்டர் போட்டேன், வயரைத் திருகினேன், பெட்டியையே இடம் மாற்றினேன். கச்சான் காற்று வீசுகிற காலம். மத்தியானத்தில் அந்தத் தகரக் கொட்டிலுக்குள் இருந்து சோல்டர் பிடித்ததை இப்போது நினைத்தாலும் வேர்க்கிறது.

பிறகுதான் எம்.சி.யு.எஸ்.ஆர் என்ற பதிவேட்டைப் படிக்கத் தோன்றியது. அதில் நான்கு பிட்கள். மின்சாரம் புதிதாக வந்தால் 1, ரீசெட் பின் கீழே இழுக்கப்பட்டால் 2, மின்னழுத்தம் விழுந்தால் 4, வாட்ச்டாக் (புரோகிராம் மாட்டிக்கொண்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) கடித்தால் 8. புரோகிராமின் முதல் வேலையாக அதைப் படித்து, அந்த எண்ணிக்கைக்கு ஒரு எல்.ஈ.டி-யைச் சிமிட்ட வைத்தேன். படித்ததும் அதில் பூச்சியம் எழுதவேண்டும், இல்லாவிட்டால் பழைய காரணமும் புதிய காரணமும் கலந்துவிடும். ஆர்டுயினோ போர்டாக இருந்தால் உங்களுக்கு முன்னரே பூட்லோடர் (புதிய புரோகிராமை ஏற்றும் சிறு புரோகிராம்) அதைத் துடைத்துவிடக்கூடும். நான் பூட்லோடர் இல்லாமல் நேரடியாக எழுதியதால் அந்தத் தொல்லை இல்லை.

மோட்டர் தொடங்கும்போது சில நாள் நான்கு சிமிட்டல். அது மின்னழுத்தச் சரிவு. மோட்டர் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். நான் 5 வோல்ட்டுக்கு வைத்திருந்ததோ மலிவான போன் சார்ஜர். நல்ல சப்ளை ஒன்றும் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் போட்டதும் அது போயிற்று. உங்கள் ரிலே விஷயமும் இதுவாக இருக்கலாம். ஆனால் சிமிட்டலைத் தவிர்ப்பதற்காக மின்னழுத்தம் விழுந்தால் ரீசெட் செய்யும் அந்தக் காவலை ஃபியூஸ் பிட்டில் (சிப்பின் அடிப்படை அமைப்பில்) அணைத்துவிடாதீர்கள். அழுத்தம் குறைந்த நேரத்தில் சிப் கண்டபடி ஓடி மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ரொம் நினைவகத்தையும் கெடுத்துவிடும். இரண்டு சிமிட்டல் வந்தால் ரீசெட் பின்னுக்குப் போகும் நீளமான வயரைச் சந்தேகியுங்கள். அந்தப் பின்னை மேலே பிடித்துவைக்க உள்ளேயிருக்கும் புல்-அப் மின்தடை 30 முதல் 60 கிலோஓம், அது பலவீனம்தான். வெளியே 10 கிலோஓம் ஒன்று போடுங்கள். எட்டு வந்தால் புரோகிராம் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தச் சிப்பில் வாட்ச்டாக் கடித்து எழும்பினாலும் 16 மில்லிசெக்கன்ட் என்ற ஆகக் குறுகிய அளவில் அது ஓடிக்கொண்டேயிருக்கும். எழும்பினவுடன் அந்த பிட்டை அழித்து அதை நிறுத்தாவிட்டால் திரும்பத் திரும்பக் கடிபடுவீர்கள்.

தாங்கி நிறையும்போது வந்த சிமிட்டல் எத்தனை தெரியுமா? ஒன்றுமே இல்லை. பூச்சியம்.

பூச்சியம் என்றால் சிப் ரீசெட் ஆகவே இல்லை. யாரோ புரோகிராமை முதல் முகவரிக்குத் தாவவிட்டிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். இன்ட்1 வந்தால் ஓடவேண்டிய செயலியின் (ஃபங்ஷனின்) பெயரில் '_வெக்ட்' என்று முடியவேண்டிய இடத்தில் கடைசி எழுத்தை விட்டுவிட்டேன். பெயர் பிழைபோலத் தெரிகிறது என்று கம்பைலர் எச்சரித்துத்தான் இருந்தது. எச்சரிக்கையை யார் வாசிக்கிறார்கள்? இன்ட்1-ஐ நான் இயக்கிவிட்டேன், அட்டவணையில் அதன் இடத்துக்குச் சொந்தக்காரன் இல்லை. சொந்தக்காரன் இல்லாத இன்டரப்டையெல்லாம் ஏ.வி.ஆர் சி நூலகம் நேரே ரீசெட் இடத்துக்கு அனுப்பிவிடும். மிதவை உயர்ந்தது, சிப் முதலுக்குத் தாவியது, தொடக்கக் கோட் லீட்டர்க் கணக்கைத் துடைத்தது. என் புரோகிராமின் முதல் வரிகளில் ரிலேயை அணைப்பதும் இருந்ததால் மோட்டர் நின்றது. மாமா 'நல்லம்' என்று பாராட்டியது என் பிழையைத்தான்.

பெயரைத் திருத்தினேன். அன்றிரவு தாங்கி வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர். செயலி இப்போது ஒழுங்காக ஓடி 'நிறைந்தது' என்ற கொடியை உயர்த்தியது. பிரதான சுற்று அதைக் காணவில்லை. கொடி மாறியை வாலடைல் ('எப்போதும் மாறலாம், ஒவ்வொரு முறையும் படி') என்று அறிவிக்காததால், அது இந்தச் சுற்றுக்குள் மாறவே மாறாது என்று கம்பைலர் முடிவெடுத்து ஒரே முறை படித்துவிட்டது. இன்டரப்டும் பிரதான சுற்றும் பகிரும் மாறிகள் எல்லாவற்றுக்கும் வாலடைல் வேண்டும்.

துடிப்பு எண்ணிக்கைக்கு அதுவும் போதாது. இது 8 பிட் சிப், பெரிய எண்ணை பைட் பைட்டாகத்தான் எடுக்கும். எண்ணிக்கை 255-ஆக இருக்கும்போது அடி பைட்டை எடுத்தாயிற்று, 255. அந்த இடைவெளியில் ஒரு துடிப்பு வந்து எண்ணிக்கை 256 ஆகிறது. அடுத்த பைட்டை எடுக்கும்போது அதில் 1. சேர்த்துப் பார்த்தால் 511! எப்போதாவது ஒரு தடவைதான் நடக்கும், அதனால்தான் பிடிபடாது. படிக்கும் அந்தச் சில துடிப்புகளுக்கு இன்டரப்டை மூடி, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, உடனே திறந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 20 லீட்டர் ஓடினாலும் சென்சரின் இரண்டு துடிப்புகளுக்கு இடையில் 16 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கடிகாரத் துடிப்புகள் கிடைக்கும். இந்தச் சின்ன மூடலால் எதுவும் தவறாது. எண்ணிக்கைக்கு 16 பிட் மாறியும் வைக்காதீர்கள். 65,535 துடிப்பு என்பது 145 லீட்டர்தான், மாமாவின் தாங்கியோ ஆயிரம் லீட்டர்.