மாத்திரையும் மறதியும்: கேள்வி பதில்

மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருமுனைக் கோளாறுக்காக (பைபோலார்) 11 வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். மருந்தாளுநர் வேலையும் பார்க்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அக்கா, லித்தியம் ஆரம்பித்து எட்டு மாதம். பேசும்போதே சொல் வராமல் நின்றுவிடுகிறது. ஆபீசில் மந்தம் என்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் தம்பி. சட்டென்று விட்டால் மேனியா, அதாவது மனம் அளவுமீறிப் பொங்கும் நிலை, திரும்பிவிடலாம். தற்கொலை ஆபத்தும் கூடும். ஆனால் நீங்கள் சொல்வது கற்பனை இல்லை. எதிரே ஜல்லிக்கரண்டி தொங்க, பெயர் வராமல் "அந்த... அந்த..." என்று கையை நீட்டியபடி நின்றிருக்கிறேன். அப்போது என் ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 1.0 மில்லிமோல் இருந்தது. டாக்டர் டோஸைக் குறைத்து 0.7க்குக் கொண்டுவந்தார், மெல்ல மெல்லத் தெளிந்தது. நீங்களும் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். கூடவே தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். லித்தியம் தைராய்டைக் குறைக்கும். தைராய்டு குறைந்தாலும் இதே மந்தம்தான்.

கேள்வி: மறதிக்குக் காரணம் மாத்திரையா, நோயா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும். மனச்சோர்வு முழுசாகத் தீராமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கவனம் நிற்காது. அப்புறம், சீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளையும் பாருங்கள். கை நடுக்கத்துக்கோ விறைப்புக்கோ தரும் டிரைஹெக்சிபெனிடில், தூக்கத்துக்குத் தரும் குளோனசிபாம் இரண்டும் நினைவைக் கெடுக்கும். வலிப்புக்கும் தரும் டோபிரமேட் சொல்லைத் தேடவைக்கும். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லாமோட்ரிஜின் இந்த விஷயத்தில் சாது.

கேள்வி: அம்மா இருமுனைக் கோளாறுக்கு வால்ப்ரோயேட் மாத்திரை எடுக்கிறார். இரண்டு நாளாக வாந்தி, ஒரே தூக்கக் கலக்கம், பேச்சும் குழறுகிறது.

பதில்: இதைச் சாதாரண மறதியோடு சேர்க்காதீர்கள். இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இந்த மாத்திரையால் ரத்தத்தில் அம்மோனியா என்ற கழிவு ஏறியிருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். லித்தியம் எடுப்பவருக்குத் தள்ளாட்டம், குழறல், பெரிய நடுக்கம், வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே அவசரம்தான். உடம்புவலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள். லித்தியம் அளவு ஏறிவிடும்.

கேள்வி: டாக்டரிடம் சொன்னால் "எல்லாருக்கும் மறதி உண்டு" என்கிறார்.

பதில்: "மறதி" என்று மட்டும் சொன்னால் அப்படித்தான் பதில் வரும். தேதி போட்டு எழுதிக் கொண்டுபோங்கள்: செவ்வாய்க்கிழமை பால் பொங்கிக் கருகியது; ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தேன். என் நோட்டைப் பார்த்த பிறகுதான் டாக்டர் டிரைஹெக்சிபெனிடிலைக் குறைத்தார்.